இருபது கிலோ மாட்டிறைச்சி

பொய் சொன்னால் காது சிவந்துவிடும் எனக்கு. அப்படிப்பட்ட நான் போன டிசம்பரில் ஒரு பெரிய பொய்யை இரண்டு வாரம் கட்டிக் காப்பது என்று முடிவெடுத்தேன்.

மெல்பர்னில் இருக்கும் எங்கள் ஒரே மகன் புனிதன் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்: 'அப்பா, இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை. அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.'

இது மூன்றாவது வருஷம். மலேசியாவில் இந்த ரப்பர் எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் ஆள் இருப்பதே எங்கள் வீட்டில் மட்டும்தான். என் மனைவி விமலா முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"பிள்ளை வர்றான்ல, பெடாஸ் டவுன்ல பாக் மான் கடையில இருபது கிலோ மாட்டிறைச்சி சொல்லிட்டேன்" என்றேன்.

"இருபதா? நம்ம ஐஸ்பெட்டி பத்தாதே!"

"புதுசு வாங்கிடலாம்."

"கூரை ஒழுகுதே. பிள்ளை தலையில சொட்டினா?"

ஏணியில் ஏறினேன்.

"அவன் ரூமுக்குப் பெயிண்டு?"

அடித்தேன். மறுத்தால் குட்டு உடைந்துவிடுமே! முதுகு பிடித்துக்கொண்டது. அவன் காலிக் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி கடைக்குப் போனால், மலாய்க்காரர் பாக் மான் ஒரு சின்னப் பையை நீட்டினார்.

"ரெண்டு கிலோ."

"இருபது சொன்னேனே!"

"உன் வீட்டுக்காரம்மா அன்னிக்கே போன் பண்ணி மாத்திட்டாங்க லா."

மாடு வாங்கப் போன இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?" வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே. எனக்குத்தான் முதல்ல போன் பண்ணி அழுதான். உங்ககிட்ட எழுதச் சொன்னதே நான்தான். என்கிட்ட சொல்லி அழுது ஆறுவீங்கன்னு பார்த்தேன். நீங்க மாட்டுக்கறி சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க!"

"அப்புறம் ஏன்டி என்னை ஏணியில ஏத்துன?"

"சும்மா உட்கார்ந்தா அவன் போட்டோவையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. அதோட, மூணு வருஷமா ஒழுகுது. நான் கேட்டு ஏறியிருக்கீங்களா?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டு, வெங்காயக் கூடையை என் மடியில் வைத்தாள்.

"அழுவுறதுன்னா இதை உரிச்சுக்கிட்டே அழுங்க. ரெண்டு வேலையும் ஒன்னா முடிஞ்சிரும்."