டையோடு மாமா கேட்ட கறிவேப்பிலை

கொல்கத்தா பவானிபூரில் டையோடு மாமா நம்பிய பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. மண் குவளையில் டீ வந்தால் அடியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பேட்டரி வாங்கப் போனால் சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து அளப்பார். அவர் தலையைக் கண்டாலே தெருக்கோடிக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிடுவார்.

மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்தவர், ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் கட்டிடத்தின் கீழ்வீட்டில் தனியாகவே தங்கிவிட்டார். ரிலே என்கிற மின்காந்த ஸ்விட்சின் காயிலுக்குக் குறுக்கே டையோடு வைக்காவிட்டால், அணைக்கும்போது காயில் திருப்பி உதைத்து டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும் என்று பால்காரருக்குக்கூடப் பாடம் நடத்துவார். பெயர் அப்படி வந்ததுதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. ஸ்விட்சை அழுத்த விரலில் வலுவும் இல்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாலோ, கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அதனால் துர்கா பூஜை அஷ்டமியன்று கட்டிலோரம் ஒரு தகடு பொருத்தினேன். தொட்டால் டிரான்சிஸ்டர் ரிலேயை இழுக்கும்; ரிலே மாமா வீட்டு மணியை அடிக்கும். அடித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நவமி காலையில் மாமா மூன்று மாடி ஏறி வந்தார். "டையோடு வச்சிருக்கே, சரி. காயில் எவ்வளவு இழுக்குதுன்னு அளந்தியா?"

"அதான் அடிக்குதே மாமா."

பூஜைக்கு வைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்த மீட்டரால் அவரே அளந்தார். நூற்றறுபது மில்லி ஆம்பியர். நான் போட்டிருந்த பொடி டிரான்சிஸ்டர் நூறுதான் தாங்கும். உடனே பெரியதாக மாற்றியிருக்கலாம். ஆனால் அவருடைய டிரான்சிஸ்டர் டப்பா, சால்டரிங் அயர்ன், முந்தின இரவே வாங்கிப்போன என் அயர்ன் எல்லாமே சந்தனம் குங்குமத்தோடு ஆயுத பூஜையில் இருந்தன. தசமி காலைவரை தொடமாட்டார். கடைகளும் மூடியிருந்தன. எனக்கோ லீவு இல்லை. ஒருநாள் தாங்கும், சும்மா பயமுறுத்தாதீர்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு ஆபீஸ் கிளம்பிவிட்டேன்.

அங்கே ஒரு கடிதம்கூட ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மாமாவா என்று நம்பரைப் பார்த்தேன். மூன்று மணிக்கு மாமா கூப்பிட்டார். "ஒண்ணுமில்ல. பதறாம வா." அதைக் கேட்டபிறகு எவன் பதறாமல் வருவான்? பூஜைக் கூட்டத்தில் முட்டி மோதி, மெட்ரோவில் தொங்கி, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தேன்.

அம்மா கட்டிலில் இருந்தாள். மாமா தரையில் உட்கார்ந்து, குங்குமம் வைத்த அயர்னால் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

என் டிரான்சிஸ்டரை நம்பாமல், வலிக்கிற முழங்காலோடு கால் மணிக்கொருதரம் மாடி ஏறி வந்திருக்கிறார். அம்மாவுக்குக் காவல் என்று தெரியக்கூடாதே. முதலில் கறிவேப்பிலை கேட்டிருக்கிறார், அடுத்து தீப்பெட்டி. அதற்கடுத்து, கையில் வாட்சைக் கட்டிக்கொண்டே மணி கேட்டிருக்கிறார். பிறகு சொல்லப் பொய் கிடைக்காமலும் வந்திருக்கிறார். அப்போது அம்மா தரையில் சரிந்து கிடந்தாள். கை தகட்டின்மேல் இருந்தது. கீழே மணி அடிக்கவே இல்லை.

அயர்னிலிருந்த குங்குமத்தைப் பார்த்தேன். "பூஜைச் சாமானைத் தொட்டுட்டீங்களே மாமா."

"சரஸ்வதி படிச்சவ. டிரான்சிஸ்டரோட டேட்டாஷீட்டைக் காட்டினாப் புரிஞ்சுக்குவா."

புது டிரான்சிஸ்டரைப் போட்டு, மணியை நூறு தடவை அடித்துப் பார்த்து எண்ணினார். நாற்பதிலேயே அம்மா சிரித்துவிட்டாள்.

மணி இப்போது ஒழுங்காக அடிக்கிறது. மாமாவும் மாடி ஏறி வருவதை விடவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மணி சரிதான்டா. அவங்க தொட மறந்துட்டா?"

கொல்கத்தாவில் எங்களுக்கு யாருமில்லை என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றோடு நிறுத்திவிட்டேன்.