காற்றுக்குப் பிடிக்காத மாமனார்

காற்றய்யா வருகிறார் என்றால் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்குக்கூட மூச்சு வாங்கும். படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவர் கையில் பழத்தட்டு, ஒருவர் கையில் காணிக்கை உறை, இன்னொருவர் கையில் கம்பளியில் சுற்றிய குழந்தை.

வெளியே பற்களைத் தந்தியடிக்க வைக்கும் குளிர். அங்கே ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஓர் இயந்திரப் பெட்டி உண்டு. அது காற்றைச் சூடாக்கி, குழாய் வழியே அறைக்கு அறை அனுப்பும். சுவரின் உச்சியில் கிராதி போட்ட திறப்பு வழியாகச் சூடு உள்ளே இறங்கும். ஒரே பெட்டி, ஒரே காற்று. ஆனாலும் ஓர் அறை வேகும், அடுத்த அறை விறைக்கும். ஏன் என்று மெக்கானிக்கைக் கேட்டால் காரணம் கிடைக்கும். காற்றய்யாவைக் கேட்டால் மெய்சிலிர்ப்பு கிடைக்கும். சனங்கள் மெய்சிலிர்ப்புக்கு வரிசையில் நின்றார்கள்.

அய்யாவின் முறை எளிமையானது. குளிரும் அறைக்குள் தனியாகப் போவார். கதவைச் சாத்துவார். உள்ளே ஓர் உறுமல், ஒரு ஹூங்காரம், ஒரு நாற்காலி நகரும் சத்தம். (தியானத்துக்கு நாற்காலி ஏன் நகர வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நாற்காலியைச் சந்தேகிப்பது பாவமல்லவா!) சற்று நேரத்தில் அறை கதகதப்பாகிவிடும். போகிற போக்கில் பக்கத்து அறைக்குள்ளும் நுழைந்து, "பாதுகாப்பு" ஓதிவிட்டு வருவார். சில நாளில் அந்த அறை குளிரும். "காத்து இடம் மாறிடுச்சு!" என்று மறுபடி அய்யாவைத் தேடி ஓடுவார்கள். இப்படியே அவர் ஒவ்வொரு வீட்டிலும் எல்லா அறைக்கும் சுற்றுலா போய்வந்தார்.

இந்த வீட்டுக்கு அவரை அழைத்து வந்தவள் நாத்தனார்.

"அண்ணி, அப்பாவோட ரூம் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு. அய்யா ஒரு தடவை வந்தா போதும்."

மருமகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். காலையில் கண்மூடிக் கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வாசல் தாண்டமாட்டாள். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை எப்படித் தடுப்பது? மாமனாரின் நெஞ்சுச்சளிதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் தெருமுனைக்குக் கேட்கும், இருமினால் அடுத்த தெருவுக்கே கேட்கும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் மகன், போன் பேசும்போதெல்லாம் அந்த இருமல் குறுக்கே வருகிறதென்று அறைக் கதவை எந்நேரமும் சாத்தி வைத்தான். கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டினான். "அப்பா நிம்மதியா தூங்கட்டும்" என்று காரணம் சொன்னான். நல்ல காரணம்தான். காதுக்கு இதமாக இருந்தது, அவன் காதுக்கு.

காற்றய்யா கிராதிக்குக் கீழே ஒரு பட்டுநூலைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"அய்யா," என்றார் கட்டிலில் இருந்த பெரியவர், "காத்து டிக்கெட் எடுத்துச்சா, வித்தவுட்டா?"

கதவோரம் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அய்யாவின் மூடிய கண் ஒன்று திறந்தது. எல்லாரையும் வெளியே போகச் சொன்னார், பெரியவரையும்தான். உறுமல், ஹூங்காரம், நாற்காலி. கதவைத் திறந்து வந்தவர் முகத்தில் துக்கம் வழிந்தது.

"காத்து கோவிச்சுக்கிட்டிருக்கு. இந்தப் பெரியவரை அதுக்குப் பிடிக்கல. இவர் இருக்கிற வரைக்கும் ரூம் சூடாகாது. இன்னும் போனா வீடே குளிர்ந்துடும்."

சொன்னபடியே அன்று முதல் அறை முன்னைவிட மோசமானது. பெரியவர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். மகன் முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தான்.

"என்னங்க, அவரு உங்க அப்பா," என்றாள் மருமகள்.

"நான் என்ன பண்ணட்டும்? காத்துக்கே பிடிக்கலையாம்!"

பெரியவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் அவளை உறுத்தியது. பூவுக்கும் புழுவுக்கும் ஒன்றாய்க் காற்றை அனுப்புகிற கடவுள், ஒரு கிழவரின் மூக்கை மட்டும் பார்த்து முகம் திருப்புவாரா? அவள் அறிந்த கடவுள் அவ்வளவு அற்பமானவர் இல்லை.

பெரியவர் கிளம்ப வேண்டிய காலை. அவரை ஹாலில் உட்காரவைத்துவிட்டு, அவருடைய பெட்டியை எடுத்துவைக்க அவள் அறைக்குள் போனாள். அலமாரி உச்சியில் இருந்த மஃப்ளரை எடுக்க நாற்காலியில் ஏறினாள். கிராதி கண்ணுக்கு நேரே வந்தது. கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கைப்பிடி. சுற்றிலும் திட்டுத்திட்டாகத் தூசி, கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை. புதிய விரல்தடம்!

விரலை விட்டுத் திருப்பினாள். உள்ளே இருந்த தகடு திறந்து, சூடான காற்று முகத்தில் பட்டது. மறுபக்கம் திருப்பினாள். நின்றது.

கணவனிடம் ஓடினாள். "ஒரு நிமிஷம் வந்து பாருங்களேன்."

"அய்யா வந்துட்டிருக்காரு. எதுவானாலும் அவரையே கேட்டுக்கலாம்."

சரி, அவரையே கேட்டுவிடலாம் என்று அவளும் நினைத்தாள். செருப்பு அலமாரியில் இருந்த கறுப்புப் பாலிஷை எடுத்துவந்து, தகட்டை மூடியபடியே விட்டு, கைப்பிடிக்கு மட்டும் தாராளமாக அபிஷேகம் செய்தாள்.

காற்றய்யா கூட்டத்தோடு வந்தார். முன்னால் நாத்தனார், பின்னால் மேல்வீட்டு வக்கீல். பெரியவர் ஹாலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"பெரியவர் வெளிய வந்தாச்சு. இனிமே காத்து எப்படி ஓடி வருதுன்னு பாருங்க!" என்று அய்யா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உறுமல், ஹூங்காரம், நாற்காலி.

கதவு திறந்தது. அருள் பொங்க நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்து, மூக்கைத் தடவி, இரு கைகளையும் தூக்கி ஆசீர்வதித்தார்.

யாரும் கும்பிடவில்லை. நெற்றியில் பட்டையாகக் கறுப்பு. மூக்கு நுனியில் கறுப்பு. ஆசீர்வதித்த விரல்களில் பளபளவென்று கறுப்பு.

"என்ன அய்யா," என்றார் பெரியவர், குரல் திரும்பி வந்துவிட்டது, "காத்து உங்களுக்குப் பொட்டு வச்சு அனுப்பியிருக்கு?"

மருமகள் நாற்காலியில் ஏறிக் கைப்பிடியைக் காட்டினாள். மூடினாள், திறந்தாள். "அய்யா உறுமினது காத்துக்காக இல்லீங்க. இது திருகுற சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதான்."

வக்கீல் ஏறிப் பார்த்தார். நாத்தனார் ஏறிப் பார்த்தாள். அய்யா வாசல் பக்கம் நகர்ந்தார்.

"சோப்பு அங்க இருக்கு. கழுவிட்டுப் போங்க, கண்ணுல பட்டா எரியும்," என்றாள் மருமகள். அவர் கழுவ நிற்கவில்லை.

மகன் மட்டும் விடவில்லை. "அவர் வர்றதுக்கு முன்னாடியே இந்த ரூம் குளிருச்சே? அது ஏன்?"

அவள் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துக் கிராதிக்கு முன்னே பிடித்தாள். "கதவைச் சாத்துங்க."

சாத்தினான். தகடு திறந்திருந்தும் காகிதம் சோம்பலாய் ஒருமுறை அசைந்து தொங்கியது.

"இப்பத் திறங்க."

காகிதம் படபடவென்று துடித்தது.

"உள்ளே இருக்கிற காத்து வெளிய போக வழி இருந்தாத்தானே புதுசா சூடு வரும்? ஒரு பொட்டு இடுக்கு இல்லாம நாமதான் அடைச்சு வச்சிருக்கோம்."

அவன் கதவைப் பார்த்தான். அவனே ஒட்டிய ரப்பர் பட்டை. பிறகு நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி, மேலிருந்து கீழ்வரை உரித்தான்.

"டேய், இருமல் வெளிய வருமேடா," என்றார் அப்பா.

"வரட்டும்பா." பெட்டியை அவர் மடியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

கூட்டம் கலைந்தது. வக்கீல் மட்டும் தயங்கி நின்று, மருமகளின் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, அந்தப் பாலிஷ் எந்தக் கடையில வாங்கினது? அதுக்கு ஏதோ சக்தி இருக்கும்போல."

"சக்தி பாலிஷ்ல இல்லீங்க," என்றாள் அவள். "நாற்காலில ஏறிப் பார்த்ததுல இருக்கு."

எல்லார் வீட்டிலும் ஒரு நாற்காலி இருக்கிறது. நாம்தான் அதை அய்யாக்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, வெளியே கைகட்டி நிற்கிறோம்.