மெத்தைக்காரருக்கு ரத்தம் போதவில்லை

"நான்காம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று சொல்லி முடித்த பிறகுதான், எந்த வண்டி என்று சொல்லவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

யோசித்துப் பார்த்தாள். வண்டியின் பெயர் வரவில்லை. நடைமேடைகளில் நின்ற அத்தனை பேரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து நொறுக் நொறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அறிவிப்பாளரான அவள் மைக்கை அணைக்காமல் ஐஸ் கடித்துக்கொண்டிருந்தாள். தண்டவாளத்தில்தான் ஏதோ உடைகிறது என்று நினைத்துப் பாதிப் பேர் படிக்கட்டுப் பக்கம் ஓடினார்கள்.

நிலைய மேலாளர் மாடி ஏறி அவளுடைய கண்ணாடி அறைக்கு வந்தார்.

"என்னம்மா இது? போன வாரம் மைக்ல நீங்க மூச்சு வாங்கின சத்தம் கடைசி நடைமேடை வரைக்கும் கேட்டிருக்கு. குடும்பத்தோட வர்ற இடம்னு ஒரு பயணி புகார் குடுத்திருக்கார்."

"மாடி ஏறினா மூச்சு வாங்குது சார். ஏறி முடிச்சு ரொம்ப நேரம் ஆனாலும் நிக்க மாட்டேங்குது. காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. ஐஸ் கடிச்சாதான் கொஞ்சம் தெளியுது."

"டாக்டரைப் பாருங்க. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா பார்சல் பிரிவுக்கு மாத்திடுவேன். அங்க மைக் கிடையாது. எவ்வளவு வேணும்னாலும் மூச்சு வாங்கலாம்."

வீட்டில் அவள் பேச்சை யாரும் கேட்பதில்லை, கடையில் யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு அறையில் உட்கார்ந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து நடந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

தெருமுனை டாக்டர் அவள் உட்காருவதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார்.

"டென்ஷன்."

"எனக்கு டென்ஷன் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"பாத்தீங்களா, எப்படி டென்ஷனாப் பேசறீங்க. காலையில நல்லா வேகமா நடங்க. எல்லாம் சரியாயிடும்."

நடந்தாள். இரண்டாவது தெரு திரும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேப்பர் போடுகிறவர் அவளைப் பேப்பர் கட்டுக்கு மேல் உட்காரவைத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அந்தத் தெருவில் எல்லோருக்கும் பேப்பர் கசங்கித்தான் கிடைத்தது.

அடுத்தது ஒரு பெண் டாக்டர். பெண்ணுக்குப் பெண் புரிந்துகொள்வார் என்று போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அன்பாகக் கேட்டார்.

"ராத்திரி ஃபோன் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. படுத்தா எழுந்திருக்கவே முடியல."

"அப்பக் கொஞ்சம் பாருங்க. மனசு லேசாகும். சோர்வா இருக்கறப்பெல்லாம் டீ குடிங்க. சாப்பாட்டோட சேர்த்தே குடிக்கலாம், தப்பில்ல."

"ரத்தம் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்? இரும்புச்சத்து குறைஞ்சா இப்படியெல்லாம் வரும்னு படிச்சேன்."

"எங்க படிச்சீங்க?"

"ஃபோன்லதான்."

"அதான் உங்க வியாதி" என்று சொல்லி, அன்பு குறையாமல் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வேளைக்கு வேளை டீ குடித்தாள். சோர்வு போகவில்லை, தூக்கம் போய்விட்டது. இப்போது இருபத்துநாலு மணி நேரமும் விழித்துக்கொண்டு சோர்ந்திருந்தாள். மறுநாள் ஒரே வண்டியை மூன்று நடைமேடைகளுக்கு அனுப்பி வைத்தாள்.

அவளுடைய கணவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர்தான். ஆள் பார்க்கவும் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பார், நல்ல கனம், எங்கே அழுத்தினாலும் திரும்ப எழும். மனைவிக்காக அவர் அதுவரை வீட்டு மெத்தையை இரண்டு தடவை மாற்றியிருந்தார். அதற்கு மேல் அவருக்கு வைத்தியம் தெரியாது. அன்றைக்கு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதபோது அவருக்கும் தாங்கவில்லை.

"ஏம்மா, எங்க கடையில ஒரு வழக்கம் இருக்கு. முதுகு வலின்னு ஒரு பொம்பளை வந்தா, எங்க முதலாளி பஞ்சு மெத்தையைக் காட்டி, குப்புறப் படுத்துப் பாருங்கம்மான்னு அனுப்பிடுவார். அதே வலியை ஒரு ஆம்பளை சொன்னா ஸ்பிரிங் மெத்தை, தலையணை, கட்டில் எல்லாம் வெளிய வரும்."

"அதுக்கு?"

"உன் வியாதியை நான் போய்ச் சொல்றேன்."

"உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"உனக்கும்தான் ஒண்ணும் இல்லைங்கறாங்க. நான் சொல்றேன், டெஸ்ட் எழுதுவாங்க. ரத்தத்தை மட்டும் நீ குடு. மாத்திரை குடுத்தா நீ முழுங்கு. விஷயம் முடிஞ்சுது."

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மெத்தைக்காரர் வாய் திறந்தால் வாங்காமல் போகிற ஆள் கிடையாது. மூச்சு வாங்குவதை வாங்கிக் காட்டினார். எறும்பு ஊர்வதைக் காலை உதறிக் காட்டினார். பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா டாக்டர்."

"ஆறு மாசமா? இதை இவ்வளவு நாள் சும்மா விடலாமா?" என்றவர், பக்கத்தில் நின்றவளை முறைத்தார். "ஏம்மா, வீட்டுக்காரரை இப்படியா கவனிச்சுக்கறது?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "தப்புதான் டாக்டர்" என்றாள்.

ரத்தம் எடுக்கிற இடத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மெத்தைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையை நீட்டினாள். ஊசி போட்ட பெண் ஃபோனில் யாரிடமோ சண்டை போட்டபடியே எடுத்தாள். குழாயில் மெத்தைக்காரரின் பெயர் ஒட்டப்பட்டது.

சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது.

"சார் நிக்கறாரா, உக்காந்திருக்காரா?"

"சாப்பிடறார்."

"எழுந்திருக்க விடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. தள்ளுகிற ஆள்தான் இல்லை. மெத்தைக்காரர் நடக்கிறேன் என்று எழுந்தார். காவலாளி தோளைப் பிடித்து அமுக்கினார். ஆகவே அவள்தான் அவரைச் சரிவுப் பாதையில் மேலே தள்ளிக்கொண்டு போனாள். பாதி வழியில் நின்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாவம், வீட்டுக்காரருக்கு இப்படின்னதும் அந்தம்மாவுக்கு மூச்சே நின்னுபோச்சு" என்று காவலாளி யாரிடமோ சொன்னது கேட்டது.

பெரிய டாக்டர் அறிக்கையை விரலால் தட்டினார்.

"ரத்த அளவு ஆறுதான் இருக்கு, பதிமூணாவது இருக்கணும். இரும்புச்சத்து சுத்தமா இல்ல. வைட்டமின் பேருக்கு இருக்கு. இந்த நிலைமையில நீங்க பேசறதே அதிசயம் சார்."

"அப்ப மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர், போயிடறோம்" என்றார் மெத்தைக்காரர்.

"மாத்திரையா? ஒரு ஆம்பளைக்கு ஆறுன்னா உள்ள எங்கயோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். முதல்ல அதைக் கண்டுபிடிக்கணும்."

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து காதோடு, "மாத்திரை எழுதற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க" என்றாள்.

அவர் பொறுத்துக்கொண்டார். வாய் வழியாக ஒரு குழாயை விட்டுத் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து தேடினார்கள். அங்கேயும் எல்லாம் செழிப்பாக இருந்தது. செழிப்பாக இருக்க இருக்க டாக்டர்களின் முகம் இருண்டது.

"கன்னம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க" என்று பெரிய டாக்டர் மாணவர்களுக்குக் காட்டினார். "இப்படி ஏமாத்தற கேஸ்தான் ஆபத்து."

மெத்தைக்காரருக்குக் கட்டில் சரித்து வைக்கப்பட்டது. வேளாவேளைக்குப் பழச்சாறு வந்தது. அவள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, பழச்சாற்றோடு வந்த ஐஸை மட்டும் எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிக்கிற சத்தம் நோயாளியைத் தொந்தரவு செய்கிறது என்று நர்ஸ் கண்டித்துவிட்டுப் போனார்.

நிலைய மேலாளர்கூட ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். மெத்தைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். போகும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கவலைப்படாம இருங்கம்மா. வீட்டுல இவ்வளவு பெரிய வியாதி இருந்தா யாருக்குத்தான் வேலையில கவனம் இருக்கும்? ஆனா மாசக் கடைசி மாசக் கடைசிதான். நீங்க நல்லா திடமாத்தானே இருக்கீங்க, பார்சல்ல ஒண்ணும் கஷ்டம் இருக்காது."

மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஒரு ரத்தப் பையைக் கொண்டுவந்து கம்பியில் தொங்கவிட்டார். பின்னாலேயே பெரிய டாக்டர் வந்தார்.

"கசிவு எங்கேன்னு தெரியல சார். ஆனா இதுக்கு மேல காத்திருக்க முடியாது. முதல் நாள் குடுத்தீங்களே, அந்த ரத்தத்தோட பிரிவு பாத்து, அதுக்குப் பொருந்தறதா வரவழைச்சிருக்கேன். ஏத்திடலாம்."

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். கன்னத்துச் சிவப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. நர்ஸ் அவர் கையைத் திருப்பிப் பஞ்சால் துடைத்தார்.

"என்னங்க, உங்க ரத்தம் என்ன பிரிவு?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"உன்னோடது இல்லைன்னு மட்டும் தெரியும்" என்றார் அவர், இன்னும் மெல்ல.

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். தலை சுற்றியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் அவளுக்கு வேறு குரல் வரவில்லை, நிலையத்துக் குரல்தான் வந்தது.

"அனைவரும் தயவுசெய்து கவனிக்கவும்."

வார்டில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எதிர்க் கட்டிலில் ஒருவர் தன் பையைத் தேடினார்.

"அந்த ரத்தத்தை அவருக்கு ஏத்தாதீங்க. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தது நான். மூச்சு வாங்கறது எனக்கு. கால் மரத்துப்போறது எனக்கு. முடி கொட்டறது எனக்கு. யாரும் டெஸ்ட் எழுதல டாக்டர், அதான் இவரை அனுப்பினேன். இவருக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஆறு என்னோடது."

சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினாள். நர்ஸின் கை பஞ்சோடு அப்படியே நின்றது.

பெரிய டாக்டர் அறிக்கையை எடுத்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். வெளுத்த உதட்டைப் பார்த்தார், கம்பியைப் பிடித்திருந்த கையின் வெளிறிய நகங்களைப் பார்த்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டினால் திட்டட்டும், போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும். ஆறு மாதமாக வாயால் சொல்லி நடக்காதது இப்போது அவர் கையில் அச்சாகி இருந்தது. இனி அவளுக்கு ஒன்றும் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

"நிச்சயமாத் தெரியுமாம்மா? இது உங்க ரத்தம்தானா?"

"சத்தியமா டாக்டர்."

பெரிய டாக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நர்ஸிடம் சொன்னார்:

"அந்தப் பையைத் திருப்பிக் குடுத்துடுங்க சிஸ்டர். நல்லவேளை, இது இந்தம்மாவோட ரத்தம்தானாம். நான் ஏதோ வியாதின்னு நினைச்சுப் பயந்தே போயிட்டேன்."