நான் தூங்கிய நாற்காலி

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் பணிவோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, என் முதுகு மூவரும் சுமார். அங்கே நீங்களும் அக்காவும் எங்களைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நாற்காலிக் கடையில் தூங்கிவிட்டேன். குறட்டையோடு.

உங்கள் சிபாரிசில் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தாரே உங்கள் சிநேகிதர், எங்கள் முதலாளி, அவர் போன மாதம் கூப்பிட்டு, "ஆபீஸை வசதியா மாத்துங்க. ஆளுங்க சுகமா உக்காந்தாதான் வேலை ஓடும். அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை வந்து பாப்பேன். வேகம் கூடலைன்னா நீங்க குடோனுக்குப் போயிடுங்க" என்றார். சலவை இயந்திரம் பழுதானவர்கள் போன் போட்டுத் திட்டுகிற அலுவலகம் எங்களுடையது; அந்த இயந்திரங்களின் செத்த மோட்டார்கள் கிடக்கிற இடம் குடோன். ஜன்னல் கிடையாது. தூசி உண்டு. தூசி என்று எழுதும்போதே எனக்குத் தும்மல் வருகிறது.

அந்தப் பயத்தில்தான் கடைக்குப் போய் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தேன். கண் விழித்தபோது சாய்மானம் வைத்த ஒரு கறுப்பு நாற்காலியில் கிடந்தேன். சுற்றிலும் கடை ஆட்கள். விற்பனைக்காரர் குனிந்து, "நல்ல தூக்கமா சார்? இதையே எழுதிடட்டுமா?" என்றார். வெட்கத்தில் "எழுதுங்க" என்றேன். ஆபீஸ் முழுமைக்கும். அத்தான், ஒரு நாற்காலிக்கு இதைவிடப் பெரிய பரீட்சை உண்டா? என் வீட்டுக்காரி கேட்கிறாள், "பல் டாக்டர் பல்லைப் பிடுங்கறப்பவே தூங்கின ஆளு நீங்க. உங்க தூக்கத்தை நம்பியா நாற்காலி வாங்குவாங்க?" அவளுக்கு நிர்வாகம் தெரியாது.

நாற்காலி வந்தது, வம்பும் கூடவே வந்தது. எங்கள் கணக்கம்மா குள்ளம். உட்கார்ந்ததும் கால் தரையைத் தொடவில்லை. "சார், சின்னப் புள்ள மாதிரி காலை ஆட்டிக்கிட்டே சம்பளக் கணக்குப் போடறேன், பாத்துக்குங்க" என்றார். ஒட்டகம் என்று நாங்கள் அழைக்கிற நெட்டைப் பையனுக்கோ முட்டி மேஜையில் இடித்தது. சரி என்று எல்லா மேஜைக்கும் கீழே செங்கல் கொடுத்து உயர்த்தினேன். ஒட்டகத்தின் முட்டி பிழைத்தது, கணக்கம்மாவின் மோவாய் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது, தட்டில் வைத்த பழம் மாதிரி. அவருக்குத் தலையணை வைத்து ஏற்றினேன், ஏற்றினதும் ஏசிக் காற்று நேராக அவர் உச்சந்தலையில் அடித்தது, ஏசியைக் குறைத்தேன், மற்றவர்களுக்கு வியர்த்துக் கொட்டிற்று, கூட்டினேன், எல்லாரும் தும்மினார்கள். இதற்கு நடுவில் அந்தச் சாய்மானம் இருக்கிறதே, அது யாரையும் கேட்காமல் தானே சாய்கிறது. ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே பின்னால் போய், "ஐயோ, போச்சு!" என்று அலறினாள். மறுமுனையில் இருந்தவர் தன் மெஷின்தான் வெடிக்கப் போகிறதென்று குடும்பத்தோடு தெருவுக்கு ஓடிவிட்டாராம்.

"நான் இதுலயே தூங்கியிருக்கேம்மா, நானே சாட்சி"ன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்றேன், ஒருத்தரும் கேக்கலை அத்தான். "அப்ப நீங்களே உக்காருங்க சார், நாங்க நின்னுக்கறோம்"னு எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. நின்னுக்கிட்டே போன் பேசறாங்க, நின்னுக்கிட்டே எழுதறாங்க. கால் வலி தாங்காம வந்த போனைச் சட்டுனு முடிச்சு வைக்கறாங்க. சுகமா உக்கார வைக்கச் சொன்னா ஆபீஸையே நிக்க வெச்சிருக்கேன். நாளைக்குத் திங்கக்கிழமை. குடோனை நெனச்சா இப்பவே மூக்கு அரிக்குது.

ஆகையால் அத்தான், இதைப் படித்த கையோடு உங்கள் சிநேகிதருக்கு ஒரு போன் போட்டு, "மச்சினனுக்குத் தூசி ஆகாது" என்று மட்டும் சொல்லுங்கள். நாற்காலி நல்ல நாற்காலிதான், ஆட்களுக்குத்தான் உட்காரத் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்ளலாம். அக்காவின் முழங்காலுக்கு என் அன்பு. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உட்கார முடியாத உங்கள் மச்சினன்

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் முதலாளி வந்து போய்விட்டார். உள்ளே நுழைந்தவர், ஆபீஸே எழுந்து நிற்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "உக்காருங்கப்பா" என்றார், ஒருவரும் உட்காரவில்லை. "மரியாதைன்னா இது! போனும் சட்டுசட்டுனு முடியுதே!" என்று என் முதுகில் தட்டிவிட்டு, தன் அறைக்கும் அதே நாற்காலி ஒன்று கேட்டார். கடைக்குப் போன் போட்டு, "நான் தூங்கினேனே, அதுல ஒண்ணு அனுப்புங்க" என்றேன். விற்பனைக்காரர் தயங்கினார். "சார், நீங்க தூங்கினது வாசல்ல எங்க வாட்ச்மேன் ஸ்டூல்ல. வழியை அடைச்சுக்கிட்டு இருந்தீங்க, எழுப்பிப் பாத்தோம், எழுந்திருக்கலை. நாலு பேரா தூக்கிட்டு வந்து கறுப்பு நாற்காலியில போட்டோம். ஸ்டூலை விக்கறதில்லை சார்."