கால்வட்டமும் கடிக்கிற உப்பும்

திருப்பூரில் அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரே ஜீவன், எங்கள் சாயப்பட்டறையின் ஆர்கான் வெல்டர் கால்வட்டம்தான். எவர்சில்வர் பைப்பில் ஒரு ஜாயின்ட் வைக்கச் சொன்னால் பைப்பைச் சுற்றிக் கால்வாசி வட்டம்தான் பற்றவைப்பார்; அந்தப் பட்டப்பேரே அதனால் வந்தது. வெல்டிங் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். திரும்பி வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல பைப்பைத் தொட்டுப் பார்ப்பார். சூடிருந்தால் இன்னொரு டீ. ஆறியிருந்தால் நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கால்வட்டம். ஒரு ஜாயின்ட் முடிவதற்குள் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரான எனக்கு பிரஷர் ஏறிவிடும்.

அவர் செல்போனில் பெண்டாட்டி படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் ஜாயின்ட் படங்கள்தான். "இது தாராபுரத்துல வெச்சதுங்க. நெளிவப் பாருங்க!" என்று வழியில் போகிறவரை நிறுத்திக் காட்டுவார்.

"ஏன் அண்ணாச்சி, ஒரே சுத்தா வச்சு முடிச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். நான் தூத்துக்குடிக்காரன். பொறுமை கொஞ்சம் குறைவு.

"ஒரேயடியாச் சூடு ஏறுனா பைப்பு இழுத்துக்குமுங்க. ஆறுனாலும் அந்த இழுப்பு உள்ளயே நிக்குமுங்க. நம்ம பைப்புல ஓடறது உப்புப் போட்ட சுடு சாயத்தண்ணி. இழுப்பு நிக்கற எடத்தப் பாத்துத்தான் உப்பு கடிக்குமுங்க."

"உப்புக்குப் பல்லு இருக்கா அண்ணாச்சி?"

பட்டறையே சிரித்தது. அவர் டீக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு ஷிப்மென்ட் நெருக்கடியில், அவர் லீவில் இருந்தபோது வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்தேன். கரண்டைக் கூட்டி வைத்து, ஒரே சுற்று, பத்தே நிமிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மாதத்தில் அந்த ஜாயின்ட்டை ஒட்டி மயிரிழை போல விரிசல் விட்டது. வெளுத்து அடுக்கியிருந்த துணி முழுக்கச் சிவப்புச் சாயம் பீச்சியடித்தது. முதலாளி வந்தார்.

"இத வெச்சது ஆரு? நாளையிலிருந்து அந்த ஆளு வர வேண்டாம்."

நான் குடும்பத்தோடு தூத்துக்குடியைக் காலி செய்துகொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெளியாளைக் கூட்டிவந்தவன் நான்; போகப்போவது என் வேலைதான்.

"நாந்தானுங்க வெச்சேன். கை தவறிப்போச்சுங்க" என்றார் கால்வட்டம். தன் ஜாயின்ட்டில் ஊசிமுனைக் குறை சொன்னாலும் சண்டைக்கு வருகிற மனுஷர், அடுத்தவன் வைத்த குப்பையைத் தன்னுடையது என்கிறார்!

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களை அனுப்பீட்டா அப்பறம் பட்டறையப் பூட்ட வேண்டியதுதானுங்க. மறுக்கா வெய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரை இன்றைக்கும் நான் கேலி செய்கிறேன். வேறு யாராவது செய்தால்தான் எனக்குப் பொறுக்க மாட்டேன் என்கிறது.