இல்லாத வரிக்கு ஒரு சலுகை

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடிப் போக வேண்டியதில்லை, அவரே வருவார். நீங்கள் வீடு வாங்கிய செய்தி உங்கள் மாமியாருக்கு எட்டும் முன்பே அவருக்கு எட்டிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சலுகைக்கு எழுதிப் போட்டியா?" என்பார். அவர்தான் சலுகை நிபுணர். அவருக்கு வேறு உத்தியோகம் உண்டா? உண்டு என்று சொல்கிறார்கள்; பார்த்தவர்கள் இல்லை.

கடல் கடந்த ரப்பர் தேசத்துப் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் இந்தப் பிறவிக்கு வேலாயுதம் என்று பெயர். சொந்த வீடு கிடையாது. சலவைக் கடைக்கு மேலே வாடகை அறை. ஆனால் கப்பலேறி வந்து மாதக்கணக்கில் பழசான சீமைப் பத்திரிகைகளை எழுத்து விடாமல் படித்து, வேண்டியதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, காப்பி வரும்வரை காத்திருந்துதான் வாயைத் திறப்பார். திறந்தால் மூட மாட்டார்.

ரயில்வே பட்டறை பிட்டர் கன்னையா ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். அவன் வம்சத்தில் முதன்முதலாக வீடு வாங்கியவனும் அவனே. வீட்டு கிராண்டை, அதாவது பட்டாவை, கிள்ளான் பழனியப்பன் செட்டியாரிடம் அடகு வைத்து எண்ணூறு வெள்ளி கடன் எடுத்து, தகரக் கூரை போட்ட பலகை வீடு ஒன்றை வாங்கினான். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் வேலைக்குப் போவான். அவ்வளவு பூரிப்பு!

அடுத்த வருஷம் அவன் மனைவி இராஜம்மாவுக்குச் சீட்டில் நானூறு வெள்ளி விழுந்தது.

"இன்னைக்கே கிள்ளானுக்குப் போயி கடன்ல பாதிய அடைச்சிட்டு வாங்க" என்றாள்.

கன்னையா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலில் வேலாயுதம்.

"அடைக்கப் போறியா? புத்தி கெட்டுப் போச்சா தம்பி? முதல் வீடு வாங்கினவன் கட்டுற வட்டிய வருமான வரியில கழிச்சுக்கலாம். சீமைச் சட்டம்! கடன் குறைஞ்சா வட்டி குறையும், வட்டி குறைஞ்சா சலுகை குறையும். வலிய வர்ற லாபத்த எவனாச்சும் வேணாம்பானா?"

கன்னையாவுக்குத் தலை சுற்றியது. படித்தவர் பேசினால் சுற்றத்தானே செய்யும்? நானூறு வெள்ளியில் முன்பக்கம் ஓர் அறை எழும்பியது. அதற்குள் ஒரு கிராமபோனும் பாடியது. மாதாமாதம் முழு வட்டியையும் செட்டியாரிடம் எண்ணி வைக்கும்போது, சர்க்காரையே ஏமாற்றிவிட்டதாக அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் ரப்பர் விலை படுத்தது. ரயில்வேயில் ஆட்குறைப்பு. கன்னையாவுக்கு வேலை போயிற்று, ஐந்து மாத வட்டி நின்றது.

"அசல்ல பாதியாவது வந்திருந்தா தவணை கொடுத்திருப்பேன்" என்றார் செட்டியார், நிஜமான வருத்தத்துடன். "நான் இங்க வெறும் ஏசண்டு. ஊர்லேருந்து முதலாளி காயிதம் மேல காயிதம் போடுறாக. நான் என்ன பண்ண?"

இராஜம்மா நேராக வேலாயுதத்திடம் போனாள்.

"அண்ணே, அந்த வருமான வரி இங்க வருசத்துக்கு எவ்வளவு?"

"இங்கயா? இந்த ஊர்ல வருமான வரியே கிடையாதே தங்கச்சி! வரட்டும், வந்தா சலுகையும் கூடவே வரும்லா."

ஒரு வருஷமாகக் கன்னையா கேட்காத கேள்வி அது. கேட்டால் நாட்டுப்புறத்தான் என்று நினைத்துவிடுவாரே! அந்த வெட்கத்தின் விலை ஒரு வீடு. இராஜம்மாவுக்கு அழுகை வரவில்லை. இரண்டு பேரையும் ஒரே விளக்குமாற்றால் சாத்த வேண்டும்போல் இருந்தது.

காலி செய்த அன்று சட்டி பானைகளை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். வழியனுப்ப வேலாயுதமும் வந்தார்.

"மனச விடாத தம்பி. முதல் வீட்டுக்குத்தானே சலுகை? இப்ப உன் பேர்ல வீடே இல்ல. இனிமே நீ எதை வாங்கினாலும் அது முதல் வீடுதான்!"

இராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னையா வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"மெய்யாவா அண்ணே?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: அந்தச் சலுகை நூற்றுக்கு எத்தனை என்று உங்கள் மனசும் ஒரு கணம் கணக்குப் போட்டதா, இல்லையா?