தலைமை அடிநோக்கு அலுவலர்

ஒரு பூச்சாடியை யார் செய்தார்கள் என்று தெரியாமல் அதில் பூ வைப்பது நாகரிகமான செயல் அல்ல என்பது எங்கள் ஊருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவந்தது. அதுவரை காட்டுமிராண்டிகளாக இருந்திருக்கிறோம். போன நூற்றாண்டின் நடுவில், உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய தடித்த பூச்சாடிகள் எல்லார் வீட்டிலும் கிடந்தன. பச்சை, பழுப்பு, புகை நிறம், மரப்பட்டை மாதிரி ஒரு சொரசொரப்பு. அவற்றில் பூ வைத்தோம், பேனா வைத்தோம், சாவியைப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடினோம்.

பிறகு எங்கோ ஒரு பணக்காரர் இப்படி ஒரு பூச்சாடியை ஒரு வீட்டின் விலைக்கு வாங்கினார் என்று செய்தி வந்தது. அதைக் கேட்ட எங்கள் பல் மருத்துவர் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார். கடைசியில் நாற்காலியில் இருந்த நோயாளிதான் எழுந்து வந்து அவர் வாயை மூடிவிட்டார்.

செய்தவர் பெயர் தெரிந்தால்தான் மதிப்பு, பெயர் அடியில்தான் இருக்கும் என்றார்கள். அன்று முதல் ஊரே அடியைப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்குப் போனால், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன் கையில் கிடைத்ததைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் மரியாதை. விருந்துக்கு வந்த வங்கி மேலாளர் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். மடி நனைந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. அடியில் ஏதாவது தெரிந்ததா என்றுதான் கேட்டோம்.

மக்கள் இவ்வளவு ஆர்வமாக ஒன்றைச் செய்யும்போது அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருக்குமா? பூச்சாடி உற்பத்தியாளர் கண்டறிதல் துறை என்று ஒன்று உதயமானது. 'உற்பத்தியாளர் இன்னார் என அறியப்படாத பூச்சாடி எதுவும் தனியார் வசம் இருத்தலாகாது. அத்தகையவை அரசின் அரவணைப்பில் எடுத்துக்கொள்ளப்படும்' என்று முதல் ஆணை வந்தது.

துறையின் தலைவருக்குத் தலைமை அடிநோக்கு அலுவலர் என்று பட்டம். அவருடைய மேசையின் மேல்பலகை முழுக்கக் கண்ணாடி. பூச்சாடியை அதன் மேல் வைத்தால், தூக்காமலே அடியைப் பார்க்க வசதியாக அலுவலர் மேசைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேச வேண்டுமென்றால் நன்றாகக் குனிய வேண்டும். அலுவலகங்களில் இது ஒன்றும் புதிதல்ல என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எங்கள் தெருத் தையல்கார அக்காவும் தன் பச்சைப் பூச்சாடியோடு போய்க் குனிந்தார். கடை திறந்த அன்று அவருடைய வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது அது. அந்த மனிதர் வாழ்நாளில் கொடுத்த மற்றதெல்லாம் யோசனைகள்தான். அவர் போன பிறகு யோசனைகள் மறந்துவிட்டன, பூச்சாடி மட்டும் தையல் மெஷின் பக்கத்தில் கத்திரிக்கோலைத் தாங்கிக்கொண்டு நின்றது.

"சார், அடியிலயே பேரு ஒட்டியிருக்கு. பாத்துட்டுக் குடுத்துடுங்க. துணியை வெட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"படிக்காதீங்கம்மா!" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கழுவாத பூச்சாடியில எதையும் படிக்கக் கூடாது. அழுக்கு கண்ணை ஏமாத்தும்."

"அழுக்கு இல்ல சார், லேபிள்."

"லேபிளா அழுக்கான்னு கழுவினாத்தானே தெரியும்? கழுவிப் போயிடுச்சுன்னா அழுக்கு."

"போகலைன்னா?"

"இதுவரைக்கும் எதுவும் போகாம இருந்ததில்லை."

பூச்சாடி சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் போய்விட்டு வந்தது. லேபிள் இல்லை.

"பாத்தீங்களா, அழுக்குதான்!" என்றார் அலுவலர், அக்காவுக்காகச் சந்தோஷப்பட்டு.

அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் பெயரைக் கண்ணாடியில் பொறிக்கச் சோம்பல்பட்டு வெறும் காகிதத்தில் அச்சடித்து ஒட்டி அனுப்பியவை. ஆகவே துறை திறந்த நாளிலிருந்து ஒரு பூச்சாடிக்குக்கூட உற்பத்தியாளர் அகப்படவில்லை. ஆனால் எல்லாப் பூச்சாடியும் பளபளவென்று இருந்தது.

அடுத்து நிபுணர்கள் வந்தார்கள். ஒருவர் கோட்டு நிபுணர், இன்னொருவர் குமிழி நிபுணர்.

"அச்சு பிரியற இடத்துல கோடு விழும். ரெண்டு கோடுன்னா ஒரு தொழிற்சாலை, மூணுன்னா வேற தொழிற்சாலை" என்றார் கோட்டு நிபுணர்.

"இதுல எத்தனை சார்?" என்றார் அக்கா.

"இந்தப் பக்கம் ஒண்ணு. அந்தப் பக்கம் பாக்கறதுக்குள்ள இவர் பிடுங்கிட்டார்."

"கோட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க. குமிழியைப் பாருங்க!" என்றார் குமிழி நிபுணர். "நிம்மதியா வேலை செஞ்சவன் குமிழி உருண்டையா இருக்கும். இது கோணலா இருக்கு. முதலாளியோட சண்டை போட்டுட்டுச் செஞ்சிருக்கான்."

"எந்த முதலாளி சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானேம்மா ஒரு துறையே இருக்கு!"

பூச்சாடி அரவணைக்கப்பட்டது. அக்கா வெறுங்கையோடு திரும்பினார். தைக்கும்போது கத்திரிக்கோலுக்காகக் கை தானாக நீளும். அங்கே ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வாரம் பல் மருத்துவருக்குத் தைத்த சட்டையில் ஒரு கை முழங்காலைத் தொட்டது. அதுதான் இப்போதைய மோஸ்தர் போலிருக்கிறது என்று அவரும் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஒரு நாள் அக்கா கடையைச் சாத்திவிட்டு நேரே துறைக்குப் போய், குனிந்து நிற்காமல் மேசைக்கு அடியிலேயே நுழைந்து அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சாத் திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல?"

"தாராளமா."

"நான்தான் செஞ்சேன்."

அலுவலர் எழப் பார்த்து மேசையில் தலையை இடித்துக்கொண்டார். "ஆதாரம்?"

"வேற யாராவது செஞ்சதா உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன சார்?"

"அம்மா, இது போன நூற்றாண்டு நடுவுல செஞ்சது. அப்ப நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்களே?"

"சின்ன வயசுலேருந்தே நான் சுறுசுறுப்பு சார்."

அலுவலர் தலையைத் தடவிக்கொண்டே ஆணை எழுதினார். வேறு எவரும் உற்பத்தியாளர் என நிரூபிக்கப்படாததாலும், மனுதாரர் தன் மீதான உற்பத்தியைத் தாமாகவே ஒப்புக்கொண்டதாலும் கோரிக்கை ஏற்கப்பட்டது. அக்கா கத்திரிக்கோல் முனையால் அடியில் தன் பெயரைக் கீறிவிட்டு, பூச்சாடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே பல் மருத்துவர் தன் பூச்சாடிக்குத் தானே உற்பத்தியாளர் என்று போய் நின்றார். அடுத்து முடிதிருத்துகிறவர். வங்கி மேலாளர் சூப்புக் கிண்ணத்துக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டார். துறையின் கொட்டடி காலியானது. இத்தனை உற்பத்தியாளர்களைக் கண்டறிந்ததற்காக அலுவலருக்குப் பதவி உயர்வும் இன்னும் தாழ்வான ஒரு மேசையும் கிடைத்தன.

இவ்வளவு பேர் கண்ணாடி செய்த ஊர் சாதாரண ஊராக இருக்க முடியாதல்லவா? 'தொன்மைமிகு கண்ணாடித் தொழில் நகரம்' என்று ஊர் எல்லையில் பலகை நட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் பாடமாக வைத்தார்கள். ஆரம்பத்தில் நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் வெளியூர்க்காரர்கள் வந்து, உலை எங்கே இருந்தது என்று மரியாதையாகக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? எங்கள் வீட்டு உலை குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் இன்னும் லேசாகச் சூடு தெரிகிறது என்கிறார் என் மைத்துனர்.

அப்புறம் அருங்காட்சியகம் கட்டினார்கள். அதில் வைக்க, ஊரில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட படைப்பு வேண்டும் என்றார்கள். எது என்று எல்லாருக்கும் தெரியும். நாங்களே கூட்டமாகத் தையல் கடைக்குப் போனோம்.

"ஐயோ, நான் பொய் சொன்னேன்பா!" என்று அக்கா பூச்சாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "அது என் வீட்டுக்காரர் குடுத்தது. நான் எங்கேயிருந்து கண்ணாடி செய்யறது?"

எவ்வளவு தன்னடக்கம் என்று நாங்கள் கைதட்டினோம். முடிதிருத்துகிறவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சியோடு அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவர்தான் பூச்சாடியை வாங்கிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்து வரிசையில் நின்றது. நடு மண்டபத்தில், பட்டுத் துணி மேல், விளக்கு வெளிச்சத்தில், முறைப்படி கவிழ்த்து வைத்திருந்தார்கள். அக்காவும் வரிசையில் வந்தார். பக்கத்தில் போனதும் அவரை அறியாமல் கை நீண்டது. வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த காவலாளி குறுக்கே பாய்ந்து தடுத்தார்.

"தொடாதீங்கம்மா! இதைச் செஞ்சவங்க பாத்தா மனசு எவ்வளவு கஷ்டப்படும்?"

பின்னால் நின்ற நாங்களும், "ஆமாக்கா, கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றோம்.